குழியும் களமும்: ஸ்லோவாக் மொழிக்குள் கோல்ஃப் வந்த கதை

தமிழிலக்கியம் படித்தவர்களுக்குச் செக்கோஸ்லோவாக்கியா என்றதும் நினைவுக்கு வருபவர் கமில் சுவெலபில். 1968-இல் சோவியத் படைகள் பிராக் நகருக்குள் நுழைந்தபின் அந்நாட்டைவிட்டு வெளியேறிய தமிழறிஞர் அவர். அவர் செக் மொழிக்காரர். நாட்டின் பெயரில் பின்பாதியாக ஒட்டியிருந்த ஸ்லோவாக்கியர்களைப் பற்றி நாம் பெரிதாக யோசித்ததில்லை. நானும் யோசித்ததில்லை. வகுப்பில் தற்சமம், தற்பவம் நடத்தும்போது வேறு மொழிகளிலிருந்து எடுத்துக்காட்டுத் தேடும் பழக்கம் எனக்குண்டு. அப்படித் தேடிப்போன ஒருநாள் ஸ்லோவாக் மொழியின் கோல்ஃப் சொற்களில் மாட்டிக்கொண்டேன். கோல்ஃப் ஆட்டத்தின்மீது எனக்கு எந்த ஈடுபாடும் இல்லை. இன்றுவரை ஒரு கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டதுமில்லை. ஆயினும் சுமார் 54 லட்சம் மக்கள் வாழும் ஒரு நாடு, செல்வந்தர்களின் விளையாட்டு ஒன்றுக்குத் தன் மொழியில் எவ்வாறு பெயரிட்டது என்ற கதை, மொழியில் அக்கறை உள்ள எவருக்கும் உரியது என்றே நினைக்கிறேன்.

கதையை ஒரு கிராமத்திலிருந்து தொடங்கவேண்டும். தலைநகர் பிராட்டிஸ்லாவாவுக்கு அருகில் பெர்னோலாகோவோ என்றோர் ஊர் இருக்கிறது. 1948 வரை அதன் பெயர் செக்லீஸ். எஸ்தர்ஹாஸி என்னும் ஹங்கேரியப் பிரபுக் குடும்பத்தின் 18-ஆம் நூற்றாண்டு மாளிகை அங்கே உண்டு. அவ்வூர்த் தேவாலயத்தில் 1787 முதல் 1791 வரை உதவிக் குருவாக இருந்தவர் அன்டோன் பெர்னோலாக். 1762-இல் பிறந்தவர். அதுவரை எழுதுவதற்கென ஒரு நிலைத்த வடிவம் இல்லாதிருந்த ஸ்லோவாக் பேச்சுக்கு முதன்முதலாக இலக்கணம் வகுத்தவர். 1787-இல் மொழி, எழுத்து பற்றிய ஆய்வுரையும், 1790-இல் இலக்கண நூலும் வெளிவந்தன. இரண்டும் லத்தீனில் எழுதப்பட்டவை. இலக்கணம் அச்சேறியபோது அவர் செக்லீஸில்தான் இருந்தார். அவர் தொகுத்த பேரகராதி, அவர் 1813-இல் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1825-க்கும் 1827-க்கும் இடையில் புடாவில் ஆறு தொகுதிகளாக அச்சானது. அவர் பிறந்த ஸ்லனிட்சா கிராமம் 1950-களில் ஓராவா அணையின் நீருக்குள் போய்விட்டது. மேட்டில் இருந்த தேவாலயம் மட்டும் இன்று ஒரு தீவாக நீருக்கு மேலே நிற்கிறது. பிறந்த ஊர் மூழ்கியது. பணிசெய்த ஊர் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்தப் பெர்னோலாகோவோவில், கம்யூனிச ஆட்சி வீழ்ந்த பின்னர், மாளிகையை ஒட்டிய பூங்கா நிலத்தில் ஒரு கோல்ஃப் மைதானம் உருவாயிற்று. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னர் அது அவ்வளவு சிரிப்பதற்குரியதன்று என்று பட்டது. தன் மக்களின் பேச்சு எழுதத்தக்கது என்று ஒரு மனிதர் நிறுவ முனைந்த அதே ஊரின் புல்தரையில் நின்றுகொண்டு, இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு, இந்தப் பள்ளத்தையும் இந்த மேட்டையும் எம்மொழியில் அழைப்பது என்று கேட்கவேண்டியிருந்தது.

கோல்ஃப் ஸ்லோவாக்கிய மண்ணுக்கு அன்று புதிதாக வந்ததல்ல. இரண்டாம் உலகப்போருக்கு முன்பே டாட்ரா மலையடிவாரத்தின் தாட்ரன்ஸ்கா லோம்னிட்சாவிலும், வெந்நீர் ஊற்றுக்குப் பெயர்போன பியெஷ்டியனியிலும் அது ஆடப்பட்டது. ஆடியவர்கள் பெரும்பாலும் ஓய்வுக்கும் சிகிச்சைக்கும் வந்த வசதி படைத்தவர்கள். 1918 வரை அந்நிலம் ஹங்கேரிய முடியரசின் பகுதி. கனவான்களின் உரையாடல் ஹங்கேரிய மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் நடந்தது. பந்து பொறுக்கிய கிராமத்துச் சிறுவர்கள் தங்களுக்குள் ஸ்லோவாக் பேசியிருப்பார்கள். ஆனால் அவர்களுடைய சொற்களை எழுதிவைக்க எவருக்கும் தேவை எழவில்லை. கம்யூனிச ஆட்சியில் கோல்ஃப் முதலாளிகளின் ஆட்டமாகிவிட்டது. செக் பகுதியில் மட்டும் கார்லோவி வாரியிலும் மரியான்ஸ்கே லாஸ்னியிலும் அது ஒருவாறு உயிரோடிருந்தது. பின்னதைப் பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டு முன்னிலையில் 1905-இல் திறந்தார்கள். செக் மொழிக்குக் கோல்ஃப் சொற்களில் நீண்ட பழக்கம் இருந்ததற்கு இதுவே காரணம். ஸ்லோவாக் மொழிக்கு அந்தப் பழக்கம் இல்லை. இந்த வேறுபாட்டுக்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் சொற்கள்.

கோல்ஃப் ஆட்டத்தின் மூலச்சொல் ‘ஹோல்’. தமிழில் குழிப்பந்தாட்டம் என்று பெயரிட்டவர்களும் குழியைத்தான் பிடித்தார்கள். ஸ்லோவாக் மொழியில் அது ‘யம்கா’. ‘யமா’ என்றால் குழி. ‘கா’ சேர்ந்தால் சிறுகுழி. சிரிக்கும்போது கன்னத்தில் விழும் குழியும் யம்காதான். ஆங்கிலத்தில் ‘ஹோல்’ என்பது பந்து விழும் துளையையும் குறிக்கும். பந்தை அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து அத்துளை வரை நீளும் முந்நூறு, நானூறு மீட்டர் நிலத்தையும் குறிக்கும். யம்காவும் இந்த இரட்டைப் பொருளை ஏற்றுக்கொண்டது. கன்னக்குழி அளவிலான ஒரு சொல், ஒரு வயல்வெளியையே சுமக்கவேண்டியதாயிற்று. 18 குழிகள் உள்ள மைதானம் என்பதற்கு எண்ணையும் யம்காவையும் ஒட்டி ஒரே பெயரடை ஆக்கிக்கொண்டார்கள். தொகைச்சொல் ஆக்கத் தெரிந்த மொழிக்கு இது கடினமில்லை.

அடுத்து, ‘இஸ்கோ’ என்னும் விகுதி. இதில் சற்று நின்று செல்ல விரும்புகிறேன். ஸ்லோவாக் மொழியில் ஒரு செயல் நடக்கும் இடத்துக்குப் பெயராக்க இந்த விகுதி பயன்படுகிறது. ‘ஹ்ரா’ என்றால் ஆட்டம், ‘இஹ்ரிஸ்கோ’ ஆடுகளம். பறப்பது தொடர்பான வேரிலிருந்து ‘லெட்டிஸ்கோ’, அதாவது விமான நிலையம். குளிப்பதிலிருந்து ‘கூபலிஸ்கோ’, நீச்சல் குளம். மணலிலிருந்து ‘பியெஸ்கோவிஸ்கோ’, குழந்தைகள் விளையாடும் மணற்தொட்டி. நெருப்பிலிருந்து ‘ஒஹ்னிஸ்கோ’, தீ மூட்டும் இடம். நம் போர்க்களம், நெற்களம், ஆடுகளம் ஆகியவற்றில் ‘களம்’ செய்யும் வேலையை இது செய்கிறது. ஆனால் இன்னொரு வேலையும் இதற்கு உண்டு. பெயரோடு சேர்ந்து அதைப் பெரிதாக்கும்; சில வேளை முரட்டுத்தனத்தையோ பரிவையோ ஏற்றும். ‘ஹ்லப்’ ஆண், ‘ஹ்லபிஸ்கோ’ ஆஜானுபாகுவான ஆள். வீடு ‘டோம்’, பெருத்த வீடு ‘டோமிஸ்கோ’. இடமும் பருமையும் ஒரே விகுதிக்குள் எப்படிச் சேர்ந்தன என்பதை அறிஞர்கள் விளக்கட்டும். எனக்கு அது அழகாகப் பட்டது.

கோல்ஃப் வந்தபோது இந்த விகுதி தயாராக நின்றது. பந்தை முதன்முதலாக அடிக்கும் மேடையாகிய ‘டீ’ என்பது ‘ஒட்பலிஸ்கோ’ ஆயிற்று. இதன் வேரில் எரிப்பதும் சுடுவதும் இருக்கின்றன. ராக்கெட்டை ஏவுவதற்கும், பந்தை ஓங்கி அடிப்பதற்கும் ஒரே வினைச்சொல். ஆங்கிலத்தின் ‘டீ’ ஸ்காட்லாந்தில் தோன்றிய சிறு சொல். அதில் ஒரு படமும் தெரிவதில்லை. ஒட்பலிஸ்கோவில் வெடிச்சத்தம் கேட்கிறது. மூலத்தைவிட மொழிபெயர்ப்பு நன்றாக அமைந்த இடங்களில் இதுவும் ஒன்று என்பேன்.

பந்து உருண்டு குழிக்குள் விழும் மழித்த புல்தரை ‘க்ரீன்’. அதற்கு ‘யம்கோவிஸ்கோ’, குழியிருக்கும் களம் என்று பெயரிட்டார்கள். விளக்கம் சரி; நீளம் அதிகம். காற்றடிக்கும் வெளியில், கையில் மட்டையோடு நிற்கிறவன் நான்கு அசைகளைச் செலவிட விரும்பமாட்டான். ஆட்டக்காரர் வாயில் க்ரீன் நிலைத்தது. யம்கோவிஸ்கோ விதிநூலின் சொல்லாகத் தங்கியது. நம் அரசாணைச் சொற்கள் பலவற்றின் கதி இது என்பதால் எனக்கு வியப்பில்லை.

இவற்றுள் எனக்கு மிகப் பிடித்தது, பயிற்சிக்காகப் பந்துகளை அடித்துத் தள்ளும் வெளிக்கு அவர்கள் வைத்த பெயர். ஆங்கிலத்தில் ‘டிரைவிங் ரேஞ்ச்’. துப்பாக்கி சுடும் பயிற்சித் திடலின் வாடை அதில் உண்டு. ஸ்லோவாக்கியர் அதை ‘ஸ்விச்னா லூகா’ என்றார்கள். லூகா என்றால் புல்வெளி. ஆடுமாடு மேயும், வைக்கோலுக்குப் புல் அறுக்கும் புல்வெளி. பயிற்சிப் புல்வெளி. மலைநாட்டு மனிதனுக்குத் தன் பாட்டனின் நிலம் நினைவுக்கு வராமல் இராது.

நீர், மணல், கொடி, குழி, புல். நிலத்தில் கண்ணுக்குத் தெரிகிறவை அனைத்தும் எளிதாகப் பெயர் பெற்றன. ‘ஃபேர்வே’ மட்டும் பணியவில்லை. அது முதலில் கடலோடிகளின் சொல். கப்பல் தடையின்றிச் செல்லும் நீர்வழி. கடலே இல்லாத நாட்டில் அதற்கு நிகர் தேடுவது வீண். எனவே ஒலியை அப்படியே எடுத்து, தம் எழுத்தில் எழுதி, வேற்றுமை உருபையும் ஏற்றிவிட்டார்கள். ‘பங்க்கர்’ வேறொரு சிக்கல். ஸ்காட்லாந்தில் பெட்டியையோ இருக்கையையோ குறித்த ஒரு சொல்லிலிருந்து வந்து, கோல்ஃபில் மணற்குழியானது. ஆனால் ஸ்லோவாக்கியருக்குப் பங்க்கர் என்றால் கான்கிரீட் அரண்தான். 1930-களில் ஹிட்லருக்கு அஞ்சி எல்லையில் கட்டியவை. பிராட்டிஸ்லாவாவின் பெட்ர்ஷல்கா பகுதியில் இன்றும் நிற்கின்றன. பந்து பங்க்கருக்குள் விழுந்துவிட்டது என்று முதன்முதலாகக் கேட்ட ஒரு முதியவர் என்ன நினைத்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

‘பட்’ என்னும் மெல்லத் தட்டும் அடி எழுப்பிய சிக்கல் இன்னும் சுவையானது. ஆங்கில எழுத்தை நம்பி, அந்த ‘யு’வைத் தம் முறைப்படி உகரமாகவே படித்து வினையாக்கியிருந்தால் ‘புட்டோவட்’ என்று வந்திருக்கும். அது ஏற்கெனவே ஸ்லோவாக் மொழியில் இருக்கும் நல்ல பழஞ்சொல். பொருள்: ஊர் ஊராகச் செல்லுதல், யாத்திரை போதல். குழிக்கு ஓரடி தொலைவில் நிற்கும் பந்து யாத்திரை கிளம்பிவிடும். காதால் கேட்டதை எழுதி ‘பட்டோவட்’ என்றார்கள். இங்கும் ஒரு தடுக்கல்: ‘பட்’ என்பது சதுரங்கத்தில் எவரும் வெல்லாமல் முடங்கிப்போகும் நிலைக்குப் பெயர். செய்தித்தாள்கள் அரசியல் முட்டுக்கட்டைக்கும் அச்சொல்லையே எழுதுகின்றன. யாத்திரையா, முட்டுக்கட்டையா என்ற கேள்வியில் முட்டுக்கட்டை வென்றது.

கேட்டதை எழுதுவது என்பது ஸ்லோவாக் மொழியில் பழைய வழக்கம். பெர்னோலாக்கின் எழுத்துமுறையே ஒலிப்பை ஒட்டியது. செக் மரபில் இருந்த ‘ஒய்’ எழுத்தை, அதன் ஒலி ‘ஐ’ எழுத்தின் ஒலியினின்று வேறுபடவில்லை என்பதால், அவர் விலக்கினார். 1843-இல் லுடோவீட் ஷ்டூரும் நண்பர்களும் பெர்னோலாக்கின் மேற்கு வட்டாரத்தை விட்டு, நடு ஸ்லோவாக்கியப் பேச்சை அடிப்படையாகக் கொண்டார்கள். 1846-இல் ஷ்டூரின் இலக்கணம் வந்தது. அவரும் அவ்வெழுத்தை ஏற்கவில்லை. 1850-களின் தொடக்கத்துச் சீர்திருத்தத்தில் அது திரும்பிவந்தது வேறு கதை. ஆனால் வேற்றுச்சொல்லைக் காதின் வழியே உள்ளே விடும் வழக்கம் நின்றுவிட்டது. வீக்எண்ட், டீம், லீடர், மேனேஜர், சாண்ட்விச் எல்லாம் ஸ்லோவாக் எழுத்தில் தம் ஆங்கில உருவை இழந்து உட்கார்ந்திருக்கின்றன. க்ரீனும் அப்படியே: இரட்டை ‘இ’ எழுத்துப் போய், தலையில் கோடிட்ட ஒற்றை ‘ஐ’ வந்தது. அதன்பின் ‘நா க்ரீனெ’ என்று உருபேற்றிச் சொன்னால் ‘க்ரீனின்மீது’. இனி அது வீட்டுப்பிள்ளை. நம் இலக்கணப்படி தற்பவம்.

‘பேர்டி’யும் ‘ஈகிளு’ம் ‘போகி’யும் தற்சமமாகவே நிற்கின்றன. ஸ்லோவாக் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் ஆறு வேற்றுமைக்கு ஏற்ப உருமாற வேண்டும். பேர்டி மாறுவதில்லை, எந்த வேற்றுமையிலும் அதே கோலத்தில் நிற்கும். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. குழியையும் புல்லையும் தன் மொழியில் அழைக்கிறவன், தான் எத்தனை அடியில் முடித்தேன் என்று பெருமை பேசும்போது ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறான். நிலம் எல்லோருக்கும் உரியது. மதிப்பெண் மன்றத்துக்கு உரியது. புதிய மைதானங்களுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள். 2002-இல் திறந்த டாலே மைதானம் ‘கிரே பேர்’. வெல்கா லோம்னிட்சாவில் ‘பிளாக் ஸ்டார்க்’. நித்ராவில் ‘ரெட் ஓக்’. கரடியும் நாரையும் கருவாலியும் ஸ்லோவாக்கியக் காடுகளுக்கு உரியவை. அம்மூன்றுக்கும் பழைய ஸ்லாவியப் பெயர்கள் உண்டு. உள்ளூர்க் கரடிக்கு உள்ளூரிலேயே ஆங்கிலப் பெயர் சூட்டியதற்கு வெளிநாட்டு விருந்தினர்தாம் காரணம் என்பார்கள். இருக்கலாம். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை.

ஆங்கிலத்தோடு நடந்ததை வெளிப்படையான பேரம் எனலாம். செக் மொழியோடு நடந்தது அப்படியன்று. ஒட்பலிஸ்கோ என்னும் சொல்லை நான் மேலே வியந்து பாராட்டினேன். செக் மொழியில் அதற்குச் சொல் ‘ஒட்பலிஷ்டே’. யம்கோவிஸ்கோவுக்கு அங்கே ‘யம்கோவிஷ்டே’. பயிற்சிப் புல்வெளியும் அங்கே அதே இரு சொற்களின் செக் வடிவம்தான். செக் ‘இஷ்டே’ எங்கெல்லாம் நிற்கிறதோ அங்கெல்லாம் ஸ்லோவாக் ‘இஸ்கோ’ நிற்கும். கோல்ஃபில் தொடர்ந்த பழக்கம் இருந்தது செக் பக்கம் என்பதை வைத்துப் பார்த்தால், இச்சொற்கள் ஆங்கிலத்திலிருந்து நேரே பெயர்க்கப்பட்டனவா, செக் சொல்லுக்கு விகுதியை மட்டும் மாற்றி எடுத்துக்கொண்டவையா என்ற ஐயம் எழுகிறது. இரண்டாவதே நடந்திருக்கும் என்பது என் ஊகம்.

வெளியாருக்கு இது அற்பமாகத் தெரியலாம். ஸ்லோவாக்கியருக்கு அப்படியன்று. 1918-இல் அமைந்த குடியரசு ‘செக்கோஸ்லோவாக் மொழி’ ஒன்று உண்டென்றும், செக்கும் ஸ்லோவாக்கும் அதன் இரு வடிவங்கள் என்றும் சட்டத்தில் எழுதிவைத்தது. 1931-இல் வந்த எழுத்துவிதி நூல் ஸ்லோவாக்கைச் செக் பக்கம் சாய்க்கிறது என்று பெருங்கலகம் எழுந்தது. அதன் விளைவாக 1932-இல் ‘ஸ்லோவென்ஸ்கா ரெச்’ என்னும் இதழ் தொடங்கி, செக் வடிவங்களைக் களையெடுக்கப் புறப்பட்டது. எதிரியின் சொல் முகத்திலேயே தெரியும். அண்ணன் வீட்டுச் சொல் நம் வீட்டுச் சொல்லின் சாயலோடே வந்து அமர்ந்துவிடும். விளையாட்டுச் சொற்களிலும் இந்த நுண்ணிய வேறுபாடு காக்கப்பட்டது. செக்கில் கால்பந்து ‘ஃபொட்பல்’, ஸ்லோவாக்கில் ‘ஃபுட்பல்’. ஓர் உயிரெழுத்தில் ஒரு நாட்டின் எல்லை. எல்லாச் சொல்லாக்கமும் பிழைக்கவுமில்லை. கைப்பந்தாட்டத்துக்கு ‘எறிதல்’ என்னும் பொருளில் அமைந்த ‘ஹாட்சனா’ இன்றும் வழக்கில் உள்ளது. வாலிபாலுக்கு அதே பாணியில் அமைந்த ‘ஒட்பீயனா’ மங்கி, ‘வொலெய்பல்’ வென்றுவிட்டது. ஏன் ஒன்று நிலைத்து மற்றொன்று நிலைக்கவில்லை என்பதற்கு எந்தத் தூய்மைவாதியும் எனக்கு நிறைவான விடை சொன்னதில்லை.

1993 ஜனவரி 1 அன்று நாடு இரண்டாகப் பிரிந்தது. 1995-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அதிலும் அதைச் சார்ந்த பிற விதிகளிலும் ஒரு வேடிக்கை உண்டு: ஆட்சிமொழியின் பார்வையில் ‘அடிப்படையில் விளங்கக்கூடிய’ மொழிக்குச் சலுகை என்று ஒரு தொடர் வரும். செக் என்ற பெயரைச் சொல்லாமலே செக்கைக் குறிக்கும் தொடர் அது. ஆனால் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான படங்கள் ஸ்லோவாக்கில்தான் பேசவேண்டும். பெரியவர்கள் அண்ணன் மொழியைக் கேட்கலாம். குழந்தைகள் கேட்டு வளர்ந்துவிடக்கூடாது. சட்டம் எழுதியவர்களின் அச்சத்தை நான் எள்ளமாட்டேன். என்றாலும் ஒட்பலிஸ்கோவைச் செக் சொல் என்று ஒதுக்கினால் மிஞ்சுவது ‘டீ’தான் என்பதையும் சொல்லவேண்டும். வேரும் ஸ்லோவாக், விகுதியும் ஸ்லோவாக். எண்ணம் மட்டும் பக்கத்து வீட்டில் பிறந்தது. அந்த அளவுக்குக் கடன் வாங்காத மொழி எங்கும் இல்லை.

இத்தனை பாடுபட்டு நட்டு வைத்த சொற்களை மூலமொழியே பிடுங்கிவிடுவதும் உண்டு. கோல்ஃப் விதிகளை வகுப்பவை ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்கக் கோல்ஃப் சங்கமும். 2019-இல் அவை விதிகளைப் பெரிதும் மாற்றியெழுதியபோது ‘வாட்டர் ஹஸார்டு’ என்ற கலைச்சொல் நீங்கி, ‘பெனால்ட்டி ஏரியா’ வந்தது. ஸ்லோவாக்கியர் பல ஆண்டுகளாக ‘நீர்த்தடை’ என்ற பொருளில் ‘வொட்னா ப்ரெகாஷ்கா’ என்று சொல்லிவந்தார்கள். குளத்தைப் பார்த்த எவருக்கும் விளங்கும் பெயர். புதிய பெயரோ தண்டனைக்குரிய பகுதி என்ற பொருளுடையது. அதில் வரும் ‘ட்ரெஸ்ட்னா’ என்னும் அடைமொழி குற்றவியல் சட்டத்தின் பெயரிலும் இடம்பெறும் அடைமொழி. குளம் அதே குளம்தான். தடையாக இருந்தது இப்போது தண்டனையாகிவிட்டது. மொழிபெயர்ப்பாளர்கள் பழைய பெயரை அடித்துவிட்டுப் புதிதை எழுதினார்கள், வேறென்ன செய்யமுடியும்?

2021 ஆகஸ்ட் 1 அன்று ஸ்லோவாக்கியர் பலர் வாழ்வில் முதன்முறையாகக் கோல்ஃபைக் கவனித்திருப்பார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் ரோரி சப்பாட்டினி இறுதிச் சுற்றை 61 அடிகளில் முடித்து ஸ்லோவாக்கியாவுக்கு வெள்ளிப் பதக்கம் வென்றார். ஒலிம்பிக் கோல்ஃபில் அதற்குமுன் எவரும் அவ்வளவு குறைவாக முடித்ததில்லை. அவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்; ஸ்லோவாக்கியப் பெண்ணை மணந்து, பின்னர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர். யம்காவும் ஒட்பலிஸ்கோவும் அறியாமலே வளர்ந்த ஒருவர், அச்சொற்கள் ஒரு வாரத்துக்கு நாடெங்கும் அச்சேறக் காரணமானார்.

அன்று அவருடைய மட்டைப்பையைச் சுமந்தவர் அவர் மனைவி. பை சுமப்பவருக்கு ஆங்கிலத்தில் ‘கேடி’. பிரெஞ்சின் ‘கடே’யிலிருந்து வந்தது; வீட்டின் இளைய மகன் என்று பொருள். செக் விதிநூல் அதை ‘நொசிச்’, சுமப்பவர் என்று பெயர்த்தது. ஸ்லோவாக்கிலும் அதே சொல் உண்டு. ஆனால் அங்கே அதைக் கேட்டதும் மனத்தில் எழுவது வேறு படம். டாட்ரா மலையின் உயரத்து விடுதிகளுக்கு உணவும் விறகும் எரிவாயு உருளையும் முதுகில் கட்டிக்கொண்டு பனியில் ஏறும் சுமைகாரர்களுக்கு அது பெயர். இன்றும் ஏறுகிறார்கள்; 100 கிலோவுக்கு மேல் சுமந்தவர்களும் உண்டு. சுமப்பவர் பெண்ணானால் விகுதி மாறி ‘நொசிச்கா’ ஆகும். யம்காவின் கடைசியில் வரும் அதே ‘கா’.